ஆச்சியின் மாத்திரையும் அரசாங்க டெண்டரும்

தலைப்பில் 'டெண்டர்' என்று பார்த்ததுமே பாதிப் பேர் ஓடியிருப்பீர்கள் என்று தெரியும். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் அப்படி ஒரு ராசி :-) மிச்சமிருக்கும் பாதிப் பேர் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் எங்கள் ஆச்சியிடமிருந்து ஆரம்பிக்கிறது.

ஆச்சிக்குச் சர்க்கரை வந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில்தான். மாசம் ஒரு தடவை நோட்டைக் கொண்டுபோய் வரிசையில் நின்று நான்தான் வாங்கி வருவேன். சில மாசங்களுக்கு முன்னால் வாங்கி வந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டாள்: "ஏல, போன மாசம் வட்டமாலா இருந்துச்சு? இது நீளமா இருக்கு. மாத்திக் குடுத்துட்டாவளோ?"

நானும் பார்த்தேன். மெட்ஃபார்மின் 500 மி.கி. பழைய அட்டையிலும் அதேதான். கம்பெனி பெயர் மட்டும் வேறு. "எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி, சும்மா போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து வெத்தலைப் பெட்டிக்குள் அந்த அட்டை அப்படியே இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 300-ஐத் தாண்டி நிற்கிறது. டாக்டர் ஆச்சியைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். நியாயம்தான். நான் காரணம் சொல்லவே இல்லையே, 'சும்மா போடு' என்றல்லவா சொன்னேன்?

அப்புறம்தான் எனக்கே கேள்வி வந்தது. ஒரே மருந்தை அரசாங்கம் ஏன் இரண்டு கம்பெனியிடம் வாங்க வேண்டும்? டெண்டர் என்றால் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு மொத்தமும் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தேடிப் படிக்கப் படிக்க, அந்த நீள மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருப்பது தெரிந்தது.

முதலில் ஒரு கல்யாண வீட்டுக் கணக்கு. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. ஏரல் பக்கத்து வாழைக்காரர் ஒருவர் குறைந்த விலைக்கு இலைக்கட்டு தருகிறேன் என்கிறார். மொத்தத்தையும் அவரிடமே சொல்லிவிட்டு, முந்தின நாள் ராத்திரி காற்றடித்து அவர் தோட்டம் சாய்ந்துவிட்டால்? பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் விவரமான பெரியவர்கள் முக்கால் பங்கை ஒருவரிடமும் கால் பங்கை இன்னொருவரிடமும் சொல்லிவைப்பார்கள். ஆனால் இரண்டாவது ஆள் அதிக விலை கேட்டால் "அவரு அந்த விலைக்குத் தாராரு, நீரும் அதுக்குத் தந்தா எடுத்துக்கிடுதேன்" என்பார்கள். இவ்வளவுதான் விஷயம். இதையே அரசாங்கம் செய்ய வேண்டும் என்றால், யாருக்கு எவ்வளவு, எந்த விலைக்கு, யார் தீர்மானிப்பது என்று ஊருக்கே தெரியும்படி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கே பணம் பெரியவரின் பணம் இல்லை.

எழுதிவைப்பது என்பது நம் நாட்டில் ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. பாளையங்கோட்டைக்குப் போகும்போது நாம் தாண்டுகிற தாமிரபரணிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியதால் அவர் பெயரே நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய அரசாங்கத்துக்கு வேண்டிய பெரிய சாமான்களில் பெரும்பகுதியை லண்டனில் வாங்கிக் கப்பலில் அனுப்பினார்கள். இந்தியாவிலேயே வாங்குவதற்கென்று 'இந்தியன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்' வந்தது 1922-ல். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேலையைச் செய்தது டி.ஜி.எஸ்.அண்ட்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம். 'ரேட் கான்ட்ராக்ட்' என்பது அவர்கள் வழக்கம். இன்ன பொருள், இன்ன விலை என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுவைப்பார்கள், வேண்டிய அலுவலகம் வேண்டிய போது அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஒரே பொருளுக்குப் பல கம்பெனிகளோடு பக்கத்துப் பக்கத்தில் ஒப்பந்தம் இருக்கும். இணை ஒப்பந்தம் என்று பெயர். 2016-ல் 'ஜெம்' என்ற இணையச் சந்தை வந்து, 2017 அக்டோபர் 31-ல் டி.ஜி.எஸ்.அண்ட்.டி.யை மூடியே விட்டார்கள். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது 1994. அந்த வருசம் ஜூலை 1-ம் தேதி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவானது. மருந்து வழங்க ஆரம்பித்தது 1995 ஜனவரியில். அதற்கு முன்னால் இருந்த நிலைமையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சீட்டை எழுதி "வெளியில வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிடுவது சர்வ சாதாரணம். மருத்துவத் துறைக்குள்ளேயே ஒவ்வொரு இயக்குநரகமும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன அளவில் வாங்கினால் விலை எப்படிக் குறையும்? தேவையில்லாத மருந்து குவிந்து கிடக்கும், தேவையான மருந்து இருக்காது.

புதுக் கழகம் செய்த காரியங்கள் ஒவ்வொன்றும் கேட்கச் சாதாரணமாக இருக்கும். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றைப் போட்டு, அதிலிருப்பதை மட்டும் வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே மாநிலம் முழுவதற்கும் சேர்த்து வாங்கினார்கள். மாவட்டங்களில் கிடங்குகள் வைத்தார்கள், திருநெல்வேலியிலும் ஒன்று. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் இருக்கிற தொகைக்குத் தகுந்தபடி கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அட்டை அட்டையாக அரசு முத்திரை அச்சிட்டு வாங்கியதால் வெளியே விற்பதும் கஷ்டமானது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சோதனை முறை. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆக, வட்ட மாத்திரையும் நீள மாத்திரையும் ஒரே வடிகட்டியில் இறங்கி வந்தவைதான். இதை அன்றைக்கே ஆச்சியிடம் சொல்லியிருக்கலாம்.

சரி, பங்கு எப்படிப் பிரிகிறது? கவர் இரண்டு. முதல் கவரில் கம்பெனியின் தகுதி: உரிமம், அனுபவம், தொழிற்சாலை எவ்வளவு தயாரிக்கும் என்ற விவரம். இதில் தேறியவர்களின் இரண்டாவது கவரை மட்டும்தான் பிரிப்பார்கள், விலை அதற்குள் இருக்கும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு எல்-1 என்று பெயர், அடுத்தவர் எல்-2, அதற்கடுத்தவர் எல்-3. எல்-1 சொன்ன விலையை மற்றவர்களிடம் காட்டி "இதே விலைக்குத் தருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். சம்மதித்தவர்களும் பட்டியலில் சேருவார்கள். பெரும்பங்கு எல்-1-க்கு. அவர் குறித்த நாளுக்குள் தராவிட்டால் அபராதம், ஆர்டர் அடுத்தவருக்குப் போகும். எல்-2 ஒரு பைசா கூட்டிக் கேட்டாலும் கிடையாது. கல்யாண வீட்டுப் பெரியவர் சொன்ன அதே பேச்சுதான்!

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் போட்டி, விலை தெரிந்த பிறகுதான் பங்கு. கவரை மூடும்போது ஒருவருக்கும் மற்றவர் விலை தெரியாது. எப்படியும் நமக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று அசட்டையாக விலையை ஏற்றிப் போட்டால், எல்-1 விலைக்கு இறங்கிவரவும் முடியாமல் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த முறையைப் பார்த்துத்தான் கேரளா 2008-லும் ராஜஸ்தான் 2011-லும் தங்களுக்கென்று மருத்துவக் கழகங்களை நடத்த ஆரம்பித்தன.

ஒரே ஆளை நம்பினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ரோடும் இல்லை, பாலும் இல்லை. மருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊரிலும் ஒருநாள் அப்படி ஒரு மழை பெய்யத்தான் செய்யும். அன்றைக்கு இரண்டாவது கம்பெனி ஒன்று பட்டியலில் இருந்தால் ஆச்சிக்கு மாத்திரை வரும், இல்லாவிட்டால் வராது.

மருந்துக்கு மட்டுமில்லாமல் எல்லா வாங்கலுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபரில், விதிகளோடு சேர்த்து. மாநிலத்துக்கு ஒரு டெண்டர் அறிவிப்பு இதழ், மாவட்டத்துக்கு ஒன்று என்று அச்சிட்டு வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. குறைந்த விலைக்காரரைத்தான் ஏற்க வேண்டும் என்பது பொது விதி. அவரால் முழு அளவும் தர முடியாவிட்டால், அவரால் முடிந்த அளவுக்கு முதலில் ஆர்டர் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்தடுத்தவர்களிடம் அதே விலைக்குக் கேட்கலாம். இதுவரை சரி.

மத்திய அரசுப் பக்கம் கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பேரம் பேசுவதே ஊழலுக்கு வழி, அப்படியே பேசினாலும் எல்-1-ஓடு மட்டும், அதுவும் அபூர்வமாகத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது. இத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுப்போம் என்று டெண்டரிலேயே முன்கூட்டிச் சொல்லியிருந்தால், எல்-1 விலையை எல்-2, எல்-3-க்குச் சொல்லிக் கேட்பது பேரத்தில் சேராது. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. இல்லாவிட்டால் கவர் பிரித்த பிறகு "நம்ம ஆளுக்கும் கொஞ்சம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா?

சிறு தொழில்களுக்கு இன்னொரு வழியும் வந்தது. 2012-ல் வந்த மத்திய அரசு ஆணைப்படி, சிறு நிறுவனம் ஒன்று எல்-1 விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாகச் சொல்லியிருந்தால், எல்-1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். அரசுத் துறைகள் தங்கள் வருடாந்திர வாங்கலில் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டிய பங்கு அப்போது 20 சதவீதம், பிற்பாடு 25 ஆனது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். நம் 1998 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே விலையைச் சொன்னால், அவர்களுடைய அனுபவத்தையும் தகுதியையும் பார்த்து ஆர்டரைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்க முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதிகாரி தனக்கு வேண்டியவருக்கே கொடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் விற்பவர் பக்கம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "எல்லாரும் கூடிப் பேசி ஒரே விலையைப் போட்டால் எல்லாருக்கும் பங்கு" என்று அதே பிரிவு சொல்வது போல் இருக்கிறது. அப்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது: முதலில் பங்கு, பிறகு விலை.

இதற்குப் பெரிய உதாரணம் நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறது. கேஸ் சிலிண்டர். உள்ளே இருக்கும் கேஸைச் சொல்லவில்லை, அந்தச் சிவப்பு இரும்புக் குடத்தைச் சொல்கிறேன். 2010-ல் இந்தியன் ஆயில் 105 லட்சம் சிலிண்டர்களுக்கு டெண்டர் விட்டது. 50 கம்பெனிகள் விலை போட்டன. பார்த்தால், மாநிலம் மாநிலமாகப் பல கம்பெனிகளின் விலை அப்படியே ஒன்றாக இருக்கிறது! விலை போடுவதற்கு முந்தின நாட்களில் மும்பையில் ஒரு ஹோட்டலில் பல கம்பெனிக்காரர்கள் கூடியிருந்ததும் தெரியவந்தது. போட்டி ஆணையம் 2012 பிப்ரவரியில் 45 கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2013-ல் அபராதத்தைக் குறைத்தது, ஆனால் குற்றம் குற்றம்தான் என்றது.

ஆனால் 2018 அக்டோபர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அவ்வளவையும் ரத்து செய்துவிட்டது. நான் முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. அப்புறம் காரணங்களைப் படித்தேன். நாட்டில் இந்தச் சிலிண்டரை வாங்குபவர்கள் மூன்றே மூன்று எண்ணெய்க் கம்பெனிகள், மூன்றும் அரசாங்கத்தினுடையவை. வேறு யாரிடமும் விற்க முடியாது. போன வருச விலை எல்லாருக்கும் தெரியும், இரும்பு விலை எல்லாருக்கும் தெரியும். தகுதி பெற்றவர்களுக்கெல்லாம் எப்படியும் ஆர்டர் பிரிந்துவிடும் என்பதும் வழக்கத்தில் தெரியும். இப்படிப்பட்ட சந்தையில் விலை ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துக் கூட்டுச்சதி என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஹோட்டல் கூட்டம் சந்தேகத்தைக் கிளப்புகிறதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

ஹோட்டல் விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் தீர்ப்பில் ஒரு உண்மை இருப்பதை மறுக்க முடியவில்லை. வாங்குபவர் எல்லாருக்கும் பங்கு என்று வருசா வருசம் பழக்கிவிட்டால், விற்பவர்கள் கூடிப் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. அதுவாகவே விலை ஒன்றாகிவிடும்.

இதைப் படித்தபோது தாழையூத்து ஞாபகம் வந்தது. 1949-லிருந்து அங்கே சங்கர் நகரில் சிமெண்ட் தயாரித்து வந்த இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையை நெல்லைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிமெண்ட்டுக்கு விலைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் விலையை அரசாங்கமே வைத்தது, விலையில் போட்டி போட இடமே இல்லை. 1982-ல் பாதி தளர்த்தினார்கள். ஆலை தன் உற்பத்தியில் ஒரு பங்கை 'லெவி' என்று அரசு விலைக்குத் தர வேண்டும், மீதியை வெளியே விற்கலாம். 1989-ல் கட்டுப்பாடு முழுசாகப் போனது. ஆனால் விலைகள் சேர்ந்தே ஏறி இறங்கும் பழக்கம் போகவில்லை என்ற புகார் தொடர்ந்து இருந்தது. 2012-ல் போட்டி ஆணையம் இந்தியா சிமெண்ட்ஸ் உட்பட 11 கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது டெண்டர் வழக்கு இல்லை, வெளிச்சந்தை வழக்கு. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2015-ல் தமிழக அரசே அம்மா சிமெண்ட் என்று மூட்டை 190 ரூபாய்க்கு விற்றபோது, பல தனியார் ஆலைகளிடம் ஒரே விலைக்கு வாங்கித்தான் விற்றது. அங்கேயும் விலை முதலிலேயே முடிவாகிவிட்டது, பிரிப்பது மட்டும்தான் பாக்கி.

பிரிப்பதற்காகவே பிரிக்கும் திட்டமும் ஒன்று உண்டு. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த பொங்கல் வேட்டி சேலைத் திட்டம். ஏழைகளுக்குத் துணி என்பது ஒரு பாதி, நெசவாளர்களுக்கு வேலை என்பது மறு பாதி. நூலுக்கு டெண்டர் உண்டு, நெசவுக்கு டெண்டர் இல்லை. சங்கம் சங்கமாக இலக்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எல்-1 பார்த்தால் பெரிய விசைத்தறிக்காரர் ஒருவரே அத்தனையும் நெய்துவிடுவார், கைத்தறிக்கு என்ன மிஞ்சும்? வீரவநல்லூர்க்காரப் பையன்கள் வகுப்பில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தறி பற்றி என்னைவிட அதிகம் தெரியும். (உங்கள் ஊர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை மறக்கவில்லை, அடிக்க வராதீர்கள்!) இந்தத் திட்டத்தை விலையை மட்டும் வைத்து அளப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சிலிண்டருக்கும் சிமெண்ட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தாது, அங்கே இருப்பவர்கள் குழித்தறிக்காரர்கள் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். டெண்டர், எல்-1 எல்லாம் சொல்லவில்லை. இலைக்கட்டுக் கதையைச் சொன்னேன். ரெண்டு தோட்டத்து இலை, ஒரே விலை, எது நம்ம பந்திக்கு வந்தாலும் சாப்பாடு ஒண்ணுதான் என்றேன். பெயரை மறைத்துச் சோதிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டாவது தோட்டக்காரனுக்கு அந்த விலைக்குக் கட்டுமால?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆச்சி நீள மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இப்போதெல்லாம் அட்டை மாறி வந்தால் நானே முதலில் காட்டிவிடுகிறேன். இந்த மாசம் மறுபடியும் வட்டம்.